ஒன்று நில், இரண்டு போ

அண்ணி போய் ஆறு வாரம் ஆகிறது. பேருந்துப் பணிமனையில் அவருக்காக ஒரு கூட்டம் வைத்தார்கள். டயர் மாற்றும் கொட்டகையைக் கழுவி, நாற்காலி போட்டு, ஒரு மேசைமேல் அவர் படத்தைச் சாய்த்து வைத்திருந்தார்கள். பேசிய ஏழெட்டுப் பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: பத்தொன்பது வருட சர்வீஸில் அந்தக் கண்டக்டரம்மா வண்டியில் ஒரு கைகலப்பு நடந்ததில்லை. எப்படி என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. "அது அவங்க ராசி" என்றார் மேலாளர். "ராசி இல்ல சார், முகராசி" என்று பக்கத்திலிருந்தவர் திருத்தினார்.

ராசியும் இல்லை, முகராசியும் இல்லை. எப்படி என்று நான் பார்த்திருக்கிறேன். பஸ்ஸில் அல்ல, எங்கள் வீட்டுப் பின்பக்கம், துணி காயப்போடும் இடத்தில், இரண்டு நாய்களிடம். கூட்டத்தில் அதைச் சொல்ல எழுந்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணி குள்ளம். பஸ்ஸின் மேல்கம்பி அவர் கைக்கு எட்டாது. இருக்கைகளின் முதுகைப் பிடித்துப் பிடித்தே கூட்டத்துக்குள் மீன் மாதிரி போய்வருவார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பித்தளை விசில். ஒரு தடவை ஊதினால் வண்டி நிற்கும், இரண்டு தடவை ஊதினால் போகும். வீட்டில் யாராவது அதிகம் பேசினால் அந்த விசிலை எடுத்து உதட்டருகே வைத்துக்கொண்டு பார்ப்பார். ஊதமாட்டார். அதுவே போதும்.

சண்டையைப் பற்றி அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. "கத்துறவன் அடிக்க மாட்டான் தம்பி. அவன் பாட்டுக்குக் கத்தட்டும். கத்திட்டே இருந்தவன் திடீர்னு வாய மூடினான் பாரு, அப்பத்தான் நான் எந்திரிப்பேன்."

அப்போது வீட்டில் நாங்கள் மூன்று பேர். அண்ணன் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவன். நான் கல்லூரி நூலகத்தில் மாலை நேர வேலைக்காரன். நாலாவதாக ஓசி. ஒரு மழை நாளில் அண்ணியின் வண்டியில் கடைசி இருக்கைக்கு அடியில் ஒண்டியிருந்த குட்டி அது. "என்னம்மா, டிக்கெட் எடுத்துச்சா?" என்று டிரைவர் கேட்டாராம். "இல்லண்ணே, ஓசிப் பயணம்" என்று அண்ணி அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. வளர்ந்த பிறகும் ஓசி ஒரு தலையணை அளவுதான். வாய் மட்டும் வண்டி அளவு.

எங்கள் வீடு தெரு முனையில் இருக்கிறது. அண்ணியின் வண்டி ஒரு நாளைக்கு ஆறு தடவை எங்கள் வாசலை உரசுகிற மாதிரி திரும்பும். நிறுத்தம் அங்கே இல்லை, இரண்டு தெரு தள்ளி. ஆனாலும் ஆறு தடவையும் ஓசி கேட்டில் நின்று குரைத்து அனுப்பிவைக்கும்.

ஏழு வருடங்களுக்கு முன் அம்மா விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். தனியாக ஒரு மாடி வீட்டில் இருந்தாள். இருபத்திரண்டு படி. தகடு வைத்துத் தைத்த டாக்டர், இனிமேல் படியே கூடாது என்றார். "எங்ககூட வந்துருங்க அத்தை" என்றார் அண்ணி. அம்மாவுக்கும் அண்ணிக்கும் பெரிய சண்டை ஒன்றும் இல்லை. பெரிய ஒட்டுதலும் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே, "பஸ்ஸுல தொங்கிட்டுப் போற பொண்ணா?" என்று அம்மா கேட்டது அண்ணிக்குத் தெரியும். தெரியும் என்பது அம்மாவுக்கும் தெரியும்.

அம்மா கட்டிலில் படுத்தபடியே ஒரே நிபந்தனை போட்டாள். "லாரி வராத வீட்டுக்கு நானும் வரமாட்டேன்."

லாரி அம்மாவின் நாய். பெயருக்கு ஏற்ற உடம்பு. நடந்தால் தரையில் வைத்த டம்ளர் அதிரும்.

அண்ணி அதைச் சும்மா வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்துவிடவில்லை. மூன்று நாள் இரண்டையும் தெருவிலேயே நடக்க விட்டார். இந்த ஓரம் அண்ணனும் லாரியும், அந்த ஓரம் நானும் ஓசியும், நடுவில் முழுத் தெரு. நாலாம் நாள் பாதித் தெரு. ஆறாம் நாள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து ஒரே கம்பத்தை முகர்ந்தன. "இப்ப ஏத்திக்கலாம்" என்றார் அண்ணி.

ஏற்றினோம். மறுநாளே பின்பக்கம் ரணகளம்.

ஓசி பாய்ந்து லாரியின் காதைக் கவ்வும். லாரி ஓர் உதறு உதறும். ஓசி வாளிமேல் போய் விழும். எழுந்து மறுபடி பாயும். உறுமல், குரைப்பு, பல்லோடு பல் மோதும் சத்தம். காயப்போட்ட வேட்டி சேலை எல்லாம் கொடியோடு கீழே. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஒவ்வொருவருக்கு ஒவ்வொன்று தெரிந்தது.

"என் புள்ள காதக் கடிச்சு எடுக்குது அந்தச் சுண்டெலி!" என்பாள் அம்மா.

"யாரு, ஓசியா? உன் லாரி ஏறி மிதிச்சா அது சப்பாத்தியாயிரும்மா!" என்பான் அண்ணன்.

அண்ணன் நல்லவன், ஆனால் பதற்றக்காரன். சத்தம் கூடினால் துடைப்பத்தோடு ஓடுவான். இவன் போடுகிற கூச்சலில் நாய்களுக்கு இன்னும் வெறி ஏறும். எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றின கதைதான். "நடுவுல கை விடாதீங்க, என்னங்க, நடுவுல மட்டும் கை விடாதீங்க" என்று அண்ணி வேலைக்குப் போகும்போதெல்லாம் சொல்லிவிட்டுப் போவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவன் கை விட்டான். சமையலறை வாசலில் இரண்டும் முட்டிக்கொண்டிருந்தன. அங்கேதான் அம்மா நாற்காலியில் காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருப்பாள். எந்த நாய் கடித்தது என்று நாய்களுக்கே தெரிந்திருக்காது. மணிக்கட்டில் நாலு தையல், ஐந்து ஊசி. லென்ஸ் பிடிக்கிற வலது கை.

அன்று மாலை அண்ணன் கட்டுப் போட்ட கையை மேசைமேல் வைத்துக்கொண்டு சொன்னான்: "ரெண்டுல ஒண்ணு போகணும். மரக்கடைக்காரரு காவலுக்குப் பெரிய நாய் கேட்டுட்டே இருக்காரு. லாரிய அங்க விட்டுரலாம். கட்டிப் போட்டு நல்லாப் பாத்துப்பாரு."

அம்மா வாக்கரைப் பிடித்து எழுந்து அறைக்குள் போனாள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து புடவைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த இருபத்திரண்டு படிகளுக்குத் திரும்பிப் போகப் பெட்டி கட்டுகிறாள். லாரி பெட்டிக்குப் பக்கத்தில், தானும் வருவதாக உட்கார்ந்திருந்தது.

அண்ணி அண்ணனிடம் வாதாடவில்லை. "எனக்குப் பதினஞ்சு நாள் குடுங்க" என்றார். "பதினஞ்சாம் நாள் சரிப்படலேன்னா நானே சங்கிலியப் பிடிச்சுட்டு வந்து மரக்கடையில விடறேன்." அம்மா அறைக்குப் போய், "அத்தை, பெட்டி அப்படியே இருக்கட்டும். பூட்ட மட்டும் வேண்டாம்" என்றார்.

காலையில் எனக்கு வேலை இல்லை என்பதால் நான்தான் உதவிக்கு. அண்ணி டிக்கெட் கணக்கு எழுதிய பழைய டிரிப் ஷீட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். பின்பக்கம் வெள்ளை. "நான் டூட்டியில இருக்கறப்போ நீ எழுதணும் தம்பி. எந்த நேரம், எந்த இடம். அவ்வளவுதான். யாரு மேல தப்புன்னு எழுதாத. அத எழுத ஆரம்பிச்சா மத்தது கண்ணுல படாது." விளையாட்டு என்றால் கோடு, நிஜச் சண்டை என்றால் வட்டம்.

முதல் மூன்று நாள் வீட்டிலிருக்கும்போது அண்ணி ஒன்றுமே செய்யவில்லை. கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து பார்த்தார். நான் பயந்து பயந்து பார்த்ததை அவர் கைதட்டாத குறையாகப் பார்த்தார். "இங்க பாரு, லாரி தானா மல்லாக்கப் படுக்குது. அதுக்கு இருக்கற பலத்துக்கு அவசியமா? பெரியவன் விட்டுக் குடுக்கறான். துரத்தினவன் அடுத்து ஓடறான், ஓடினவன் துரத்தறான். மாறி மாறி வர்ற வரைக்கும் இது விளையாட்டு. உறுமலெல்லாம் சும்மா ஹாரன்."

"அண்ணி, ஓசி கத்துதே, வலிக்காதா?"

"அதையே கேட்டுருவோம்" என்றார். லாரியின் கழுத்துப்பட்டையைப் பிடித்து நிறுத்தினார். ஓசிக்கு விடுதலை. ஓட வேண்டுமென்றால் வீட்டுக்குள் ஓடிவிடலாம். அது என்ன செய்தது தெரியுமா? இரண்டு அடி தள்ளிப் போய், முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்புறத்தைத் தூக்கி ஆட்டி, லாரியின் மூக்குக்கு நேரே குரைத்தது. "பாத்தியா, கேட்டு வாங்குது" என்று அண்ணி சிரித்தார். இன்னொரு நாள் அதே மாதிரி பிடித்தபோது ஓசி என் காலுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. "சரி, இவனுக்கு இன்னிக்குப் போதும்" என்று அதோடு முடித்துவிட்டார்.

பிறகு விசில். முதலில் தனித்தனியாக. ஒன்று என் அறையில், இன்னொன்று பின்பக்கம். ஓர் ஊதல் ஊதி, நாய் திரும்பிப் பார்த்ததும் அவித்த முட்டையில் ஒரு துணுக்கு. இரண்டு ஊதல் ஊதி, போ. மூன்று நாளில் இரண்டுக்கும் பிடிபட்டது. சேர்த்து விட்டோம். முட்டி மோதி உருளும்போது அண்ணி ஊதினார். இரண்டு நாயும் சட்டை செய்யவில்லை. தெருவில் போன காய்கறி வண்டிக்காரர்தான் நின்றார்.

எனக்குச் சிரிப்பு. அண்ணி யோசித்தார். "என் தப்புதான். ஃபுல் லோடுல யாருக்கு விசில் கேக்கும்? கூட்டம் ஏறறதுக்கு முன்னாடியே ஊதணும்." அதற்கப்புறம் விளையாட்டு சூடு பிடிக்கும் முன்பே ஊதினார். நிற்கும். ஓடிவரும். முட்டை. உடனே இரண்டு ஊதல். மறுபடி விளையாட்டு. ஒரு நிமிடத்துக்கு ஒரு நிறுத்தம் மாதிரி.

"நிறுத்தினதும் உடனே விட்டுர்றீங்களே, அப்புறம் எதுக்கு நிறுத்தணும்?" என்று கேட்டேன்.

"நிறுத்தினா மறுபடி கிளப்புவான்னு நம்பிக்கை இருந்தாத்தான் எவனும் நிப்பான். நம்ம வீட்டுல எப்படி? விளையாட்டு நின்னா அதோட கட்டிப் போட்டாச்சு, கதவ மூடியாச்சு. அப்புறம் எந்த நாய் நிக்கும்?"

எட்டாம் நாள். அண்ணி டூட்டி முடிந்து வந்து டிரிப் ஷீட்டுகளைத் தரையில் பரப்பினார். கோடுகள் ஏராளம். வட்டம் மூன்று. மூன்றும் அவர் இல்லாத நேரத்தில், மூன்றும் பகல் பதினொன்றரையை ஒட்டி, மூன்றும் ஒரே இடத்தில்: சமையலறை வாசல். அண்ணன் கடிபட்ட அதே இடம்.

அண்ணி ரொம்ப நேரம் அந்த வட்டங்களைப் பார்த்தார். "பஸ்ஸுல சண்டை எங்க வரும் தெரியுமா? படியில. உள்ள எவ்வளவு இடம் இருந்தாலும் படியிலதான் வரும்." சொல்லிவிட்டு எழுந்து, யூனிஃபார்மைக் கூட மாற்றாமல், துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அந்த வாசலைப் பெருக்கப் போனார். அம்மா நாற்காலியில்தான் இருந்தாள். "கால கொஞ்சம் தூக்குங்க அத்தை" என்று ஸ்டூலை நகர்த்தினார். குனிந்து எதையோ பொறுக்கினார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்ன அண்ணி?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. பொத்தான்."

மறுநாள் காலை அம்மாவின் நாற்காலி சமையலறை வாசலில் இல்லை. பின்பக்கச் சுவரோரம், வெயில் படாத இடத்தில், நாலா பக்கமும் வெளி விட்டுப் போடப்பட்டிருந்தது. அண்ணி கழுத்திலிருந்து பித்தளை விசிலைக் கழற்றி அம்மாவின் கையில் வைத்தார்.

"அத்தை, எனக்கு மதியம் வரைக்கும் டூட்டி. அதுவரைக்கும் இந்த ரூட்டுக்கு நீங்கதான் கண்டக்டர்."

அம்மா விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நானா? எனக்கு ஊதத் தெரியாதும்மா."

"அதட்டத் தெரியும்ல? அதே மூச்சுதான்." அம்மா மடியில் ஒரு டப்பாவையும் வைத்தார். "இதுல பிஸ்கட்டு உடைச்சு வச்சிருக்கேன். நின்னா ரெண்டு பேருக்கும் ஒவ்வொண்ணு, ஒரே நேரத்துல, ரெண்டு கையாலயும். பெரியவன் சின்னவன் பாக்காதீங்க."

"உனக்கு?"

"எனக்கு டிப்போவுல பிளாஸ்டிக் விசில் குடுத்திருக்காங்க. கிளி கத்தற மாதிரி இருக்கும், பரவாயில்ல."

அன்றிலிருந்து அம்மாவைப் பார்க்க வேண்டுமே. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "டேய் லாரி, ஏறி மிதிக்காத, உள்ள நிறைய இடம் இருக்கு பாரு!" என்று அண்ணியின் குரலிலேயே அதட்டுவாள். ஓர் ஊதல். இரண்டு வாய், இரண்டு கை. இரண்டு ஊதல். சுண்டெலி என்ற பேச்சு போய், "ஓசி, இங்க வாடா கண்ணு" என்றானது. ஷீட்டில் வட்டமே விழவில்லை. ஆனாலும் அண்ணன் நம்பவில்லை. அம்மாவின் பெட்டியும் மூடாமல் திறந்தபடி அப்படியேதான் இருந்தது.

பதினைந்தாம் நாள் அண்ணிக்குக் காலை டூட்டி. மாற்றிக்கொள்ள முடியவில்லை. பத்து மணிக்கு மரக்கடைக்காரர் கையில் சங்கிலியோடு வந்துவிட்டார். அண்ணன்தான் சொல்லி வைத்திருந்தான். கேட்டைத் திறந்து பாதி உள்ளே, பாதி வெளியே நின்றபடி, "எங்கப்பா நம்ம ஆளு?" என்றார்.

புது ஆள், திறந்த கேட். இரண்டு நாயும் வீட்டோரச் சந்து வழியாகப் பறந்து வந்து, அந்த ஓர் ஆள் அகலக் கேட்டு இடுக்கில் ஒன்றாக மாட்டிக்கொண்டன. ஒன்றின் தோள் இன்னொன்றின் கழுத்தில் அழுந்தியது. முதலில் கூச்சல். பிறகு கூச்சல் நின்றது. இரண்டும் விறைத்து, வால் அசையாமல், கண்ணோடு கண் பார்த்து நின்றன. வாயை மூடிவிட்டன. அண்ணி எழுந்திருப்பார் என்று சொன்னேனே, அந்த நேரம். அண்ணி இல்லை. அண்ணனின் கட்டுப் போட்ட கை தானாக நடுவில் நீள்வதை நான் பார்த்தேன்.

பின்பக்கத்திலிருந்து அம்மா எப்படி வந்தாள் என்று இன்றைக்கும் தெரியாது. வாக்கரை ஒரு கையால் ஊன்றிக்கொண்டு சந்தின் முனையில் நின்று, நுரையீரலில் இருந்ததையெல்லாம் சேர்த்து ஓர் ஊதல் ஊதினாள்.

இரண்டு நாயும் சட்டென்று தலையைத் திருப்பின. பிரிந்தன. சந்து வழியாக ஓடி அம்மாவின் வாக்கருக்கு இரண்டு பக்கமும் பெட்டிப்பாம்பாக உட்கார்ந்தன.

அதே நொடியில் கேட்டுக்கு வெளியே கிரீச்சென்று ஒரு பஸ் நின்றது.

அண்ணியின் வண்டி. திரும்பிக்கொண்டிருந்த டிரைவர், வருடக்கணக்காகக் காதில் விழுந்த அதே பித்தளைச் சத்தம் கேட்டதும் பழக்கத்தில் பிரேக்கை மிதித்துவிட்டார். நின்றிருந்தவர்களெல்லாம் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

"யாரும்மா இறங்கணும்?" என்றார் டிரைவர் திரும்பி.

"நான் ஊதவே இல்லண்ணே!" என்றார் அண்ணி.

பஸ்ஸின் பின்வாசல் படியில் வந்து நின்று எங்கள் கேட்டைப் பார்த்தார். சங்கிலியோடு மரக்கடைக்காரர், நீட்டிய கையோடு அண்ணன், விசிலோடு அம்மா, இரு பக்கமும் இரண்டு நாய். எல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது. அம்மாவைப் பார்த்துத் தலையை ஒரு தரம் அசைத்தார். பெரிய அதிகாரிக்கு வைக்கிற மரியாதை அது. பிறகு தன் கிளி விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதினார்.

பஸ் கிளம்பியது. அந்த இரண்டு ஊதல் நாய்களுக்கும் கேட்டதே! லாரி தொபீரென்று மல்லாந்தது. ஓசி அதன் காதைக் கவ்விக்கொண்டது. பின்பக்கம் மறுபடி ரணகளம் ஆரம்பமானது.

மரக்கடைக்காரர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டார். "இது காவலுக்கு ஆகாதுப்பா. ஊதினா உக்காருது. திருடன் ஒரு விசிலோட வந்தா மரத்தையெல்லாம் ஏத்தி அனுப்பி வச்சுரும்."

அண்ணன் அசடு வழியச் சிரித்தான். அன்று மாலை அம்மாவின் பெட்டியிலிருந்து புடவைகளை எடுத்து அவனே அலமாரியில் அடுக்கினான். ஒரு கையாலேயே அடுக்கினான். "ஒழுங்கா மடிடா" என்று அம்மா அதட்டினாள்.

ஏழு வருடமாக அம்மா எங்களோடு இருக்கிறாள். அண்ணிதான் இல்லை. நோய் வந்ததும் தெரியவில்லை, அவர் போனதும் தெரியவில்லை, நாலே மாதம்.

பணிமனைக் கூட்டம் முடிந்து வந்து, மேலாளர் ராசி என்று சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா நாற்காலியில் இருந்தாள்.

"அன்னிக்கு அவ பொறுக்கினது பொத்தான் இல்லடா" என்றாள்.

"எது?"

"ஸ்டூலுக்கு அடியில. பிஸ்கட்டுத் துண்டு. புது வீட்டுல புள்ள ஏங்கிப்போகுமேன்னு, பதினொன்றரை டீயோட லாரிக்கு மட்டும் தினம் ஒண்ணு யாருக்கும் தெரியாம போட்டுட்டு இருந்தேன். அதுக்குத்தான் ரெண்டும் அங்க வந்து அடிச்சுக்கிச்சு. உங்க அண்ணன் கை கிழிஞ்சது என்னாலதான்." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அவளுக்கு அன்னிக்கே தெரிஞ்சு போச்சு. ஒரு வார்த்தை கேக்கல. அவனுக்கும் சொல்லல. நான் ஒளிச்சு வச்சுக் குடுத்ததை, என் மடியிலேயே டப்பாவுல போட்டு, எல்லார் முன்னாலயும் குடுங்கன்னு வச்சுட்டுப் போயிட்டா. பஸ்ஸுல தொங்கற பொண்ணான்னு கேட்டவடா நான்."

ஆறு வாரமாக நாய்கள் விளையாடவில்லை. லாரிக்கு முகம் நரைத்துவிட்டது. அண்ணி டூட்டி முடிந்து வருகிற மதியம் இரண்டு மணிக்கு ஓசி கேட்டில் போய் நிற்கும், பஸ் திரும்பிப் போன பிறகும் நிற்கும். டிரைவர் அண்ணன் அந்த முனையில் வண்டியை இன்னும் மெதுவாகத்தான் திருப்புகிறார்.

நேற்று மதியம் அண்ணன் கடையிலிருந்து சீக்கிரம் வந்தான். பின்பக்கம் போய் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். மணிக்கட்டில் அந்த நாலு தையல் தழும்பு. அம்மா பித்தளை விசிலை எடுத்து, புடவையில் துடைத்து, கொஞ்சம் தயங்கி, இரண்டு தடவை ஊதினாள்.

ஓசி கேட்டை விட்டுத் திரும்பிப் பார்த்தது. லாரி பின்னங்கால்களை மடக்கி, பழைய சுமை வண்டி சரிவது மாதிரி, மெதுவாக மல்லாந்து படுத்தது. ஓசி சந்து வழியாக வந்து அதன் காதைக் கவ்வியது.

"நடுவுல கை விடாதடா" என்றாள் அம்மா.

"விடலம்மா" என்றான் அண்ணன்.